கடல் மட்டத்துக்காரர்களுக்கு இமயமலை: கேள்வி பதில்

டிசம்பர் பனியில் உத்தராகண்டின் கேதார்கந்தா (12,500 அடி) ஏறக் கிளம்பும் சென்னைக்காரர்கள் என்னிடம் கேட்டவை, நான் சொன்னவை.

வேளச்சேரி: அக்கா, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆறு வாரம் போதுமா?

இன்றைக்கே ஆரம்பித்தால் போதும். நம் ஊர் தட்டை, அதுதான் சிக்கல். லிஃப்டை மறந்துவிட்டு, முதுகுப் பையில் நாலைந்து தண்ணீர் பாட்டில் போட்டு அபார்ட்மெண்ட் படிக்கட்டை ஏறி இறங்குங்கள். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. நடுவில் ஒருநாள் திருப்பதி போய், அலிபிரியிலிருந்து 3,550 படியும் ஏறிப் பாருங்கள். திரும்பும்போதும் நடந்தே இறங்குங்கள். முட்டியின் வண்டவாளம் இறக்கத்தில்தான் தெரியும்.

அம்பத்தூர்: தினமும் 10 கி.மீ. ஓடுகிறேன். உயரம் என்னை ஒன்றும் செய்யாதுதானே?

செய்யும் தம்பி. ஓட்டத் தெம்பு வேறு, உயரம் வேறு. அந்த உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சென்னையில் இருந்துகொண்டு அதற்குப் பழக முடியாது. மெதுவாக ஏறுவதுதான் வழி. 3,000 மீட்டரைத் தாண்டினால், இன்று தூங்கும் இடம் நேற்றையதைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடு ராத்திரியானாலும் கீழே இறங்க வேண்டும். உங்களைப் போன்ற ஓட்டக்காரர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். மானம் போய்விடும் என்று தலைவலியை மறைப்பார்கள். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்.

தாம்பரம்: வீட்டில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கனத்த ஜாக்கெட், பனியில் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் எல்லாம் அடிவார ஊரான சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி பனியனை மட்டும் விட்டுவிடுங்கள்; வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு விறைத்துவிடும். ஷூவை இங்கேயே, இந்த வாரமே வாங்குங்கள். நான் முதல் தடவை புது ஷூவோடு போய், இறக்கத்தில் இரண்டு கட்டைவிரல் நகத்தையும் மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

மயிலாப்பூர்: வயது 61. பையனோடு நானும் போகலாமா அம்மா?

முதலில் இதய டாக்டரைப் பாருங்கள் சார். அவர் சரி என்றால், இங்கேயே ஒரு சின்ன மலையில் வெள்ளோட்டம் பாருங்கள். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கியது. அதில் எளிதான பாதை ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். 2018-இல் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

ராயபுரம்: ரயிலா, விமானமா?

லீவு இருந்தால் ரயில். சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. அப்புறம் டேராடூன். அங்கிருந்து சாங்க்ரிக்கு ஏறக்குறைய ஒரு முழுப் பகல் மலைப்பாதை. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒருநாள் தள்ளிப் போடுங்கள், பனி கொட்டினால் வண்டி நகராது. அந்த ஒருநாளையும் சேர்த்தே ஆபீஸில் லீவு கேளுங்கள்.