பக்கத்துத் தோல் போதாதா?

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 11 வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்துவிட்டு 25 நாள் ரேடியேஷன் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். போன வருடம் அதே இடத்தில் துணி உரசி ஒரு கீறல். அது 8 மாதமாக ஆறவில்லை, 5 ராண்ட் காசு அளவுக்குப் புண்ணாக நிற்கிறது. முதுகிலிருந்து சதையோடு தோலைக் கொண்டுவந்து மூட வேண்டும் என்கிறார் டாக்டர். சித்தப்பாவோ, "இத்தனூண்டு புண்ணுக்கு முதுகைக் கிழிப்பானேன்? பக்கத்துத் தோலை இழுத்துத் தைக்கக் கூடாதா, இல்லை தொடைத் தோலை எடுத்து ஒட்டக் கூடாதா?" என்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டராக இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்றும் அம்மா கேட்கச் சொன்னார்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. தியேட்டரில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் தொடைத் தோல். உங்கள் வீட்டில் மல்லிகைக் கொடி இருக்கும்தானே? ஒரு குச்சியை ஒடித்து நட்டால், அது மண்ணின் ஈரத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும். தொடையிலிருந்து சீவி ஒட்டும் தோலும் அப்படியே. அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது, அடியில் இருக்கும் சதைதான் ஊட்ட வேண்டும். டாக்டர் சொல்வது ஃப்ளாப், அதாவது தோலைச் சதையோடும் ரத்தக் குழாயோடும் கொண்டுவருவது. அது பதியம் மாதிரி. கொடியை ஒடிக்காமல் வளைத்து மண்ணில் புதைக்கிறோம், தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருக்கும். நெற்றித் தோலைக் காம்போடு திருப்பி மூக்கு செய்யும் இந்திய நாட்டு வைத்தியத்தைப் பார்த்து 1794இல் லண்டன் பத்திரிகைக்காரர்கள் வாய்பிளந்தது இந்த வித்தைக்குத்தான். இன்றைக்கும் அந்தக் காம்பை வழக்கமாகச் சுமார் 3 வாரம் கழித்துத்தான் வெட்டுகிறார்கள்.

ரேடியேஷன் பட்ட இடம் உவர் நிலம். சின்ன ரத்தக் குழாய்களின் உள்சுவர் தடித்து வழி குறுகிப்போகும், சதை நார் நாராக இறுகும். இது சிகிச்சையோடு நிற்பதில்லை, வருடக்கணக்கில் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். 11 வருடம் கழித்து ஒரு கீறல் ஆறாமல் நிற்பது அதனால்தான். அம்மாவின் புண்ணுக்குப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தோல் பலகை மாதிரி எழும்பாமல் இருந்தாலோ, சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய் ஓடினாலோ, கறுத்து மினுமினுத்தாலோ, அந்தத் தோலும் அதே அடுப்பில் வெந்ததுதான். பக்கத்து வீடு என்றாலும் அங்கேயும் தண்ணீர் இல்லை.

கழுத்தில் ரேடியேஷன் வாங்கிய ஒருவருக்குப் பக்கத்துத் தோலையே திருப்பி மூடியதைப் பார்த்திருக்கிறேன். தையல் முடிந்தபோது அத்தனை அழகு. இரவில் மணிக்கொருமுறை போய் விரலால் அழுத்தி எடுப்பேன், வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடியில் சிவக்க வேண்டும். மூன்றாம் இரவு நுனி கத்தரிப்பூ நிறமானது. அழுத்தினால் நிறம் சட்டென்று திரும்பியது, அதாவது ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. இரண்டு தையலைப் பிரித்துவிட்டும் பலனில்லை. காலையில் நுனி கறுத்திருந்தது. புண் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

அதற்காகப் பக்கத்துத் தோல் ஆகவே ஆகாது என்றும் சொல்லமாட்டேன். மெல்போர்னில் பேலிக்ஸ் பீஹன் 2003இல் எழுதிய கீஸ்டோன் ஃப்ளாப் இருக்கிறது. வளைவின் நடுக்கல் போன்ற வடிவில் சுற்றி வெட்டி, அடியில் மட்டும் கிளப்பாமல், கீழிருந்து வரும் குழாய்களோடு அப்படியே நகர்த்துவார்கள். ரேடியேஷன் பட்ட இடத்திலும் அது பிழைத்திருக்கிறது. தோல் இளக்கமாக இருந்து, நல்ல குழாய் ஒன்று அகப்பட்டால் சரி. அது டாக்டரின் கைக்குத்தான் தெரியும், எனக்கோ சித்தப்பாவுக்கோ அல்ல.

முதுகுச் சதை கதிர் படாத ஊரிலிருந்து வருகிறது. சொந்த ரத்தத்தோடு அக்குள் வழியாகச் சுரங்கம் மாதிரி கொண்டுவந்து முன்னால் விரிப்பார்கள். ஊட்டும் குழாய் அக்குளிலிருந்துதான் இறங்குகிறது. அம்மாவுக்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்தார்களா, அங்கும் ரேடியேஷன் கொடுத்தார்களா என்ற பழைய காகிதத்தைத் தேடிக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியமாக, புண்ணின் ஓரத்தில் துண்டு எடுத்துப் பரிசோதித்தாயிற்றா? கடிதத்தில் அதைக் காணோம். இத்தனை மாதம் ஆறாத புண்ணில் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்காமல் மூடக் கூடாது. புண்ணைச் சுற்றி வெந்த தோலையும் வெட்டியெடுப்பார்கள் என்பதால் 5 ராண்ட் காசு, தியேட்டரில் உள்ளங்கை ஆகிவிடும். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பால்குடம்: ஆபரேஷன் ஆனால் இந்த வருடம் வேண்டாம். முதுகில் நீர் கோர்க்கும், சில நாள் குழாயும் டப்பாவும் தொங்கும், அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். குடத்தை நீங்கள் எடுங்கள், அம்மா பக்கத்தில் நடக்கட்டும்.

அன்புடன்,
அக்கா