மீன் தொட்டிக்குள் தோட்டம்: கேள்வி – பதில்

இரண்டடித் தொட்டியில் மூன்று மாதமாகச் செடி வளர்க்கிறேன். காலை 8 முதல் இரவு 8 வரை விளக்கு எரிகிறது, வாரம் தவறாமல் உரமும் விடுகிறேன். செடி அப்படியே நிற்கிறது, பாசிதான் நூல் நூலாகச் செழிக்கிறது. கடைக்காரர் கரியமில வாயு சிலிண்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

சிலிண்டர் கடையிலேயே இருக்கட்டும். முதலில் விளக்கை அணையுங்கள். 12 மணி நேரம் என்று படித்த இடத்திலேயே நோய் பிடிபட்டுவிட்டது.

வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும், கரியமில வாயு கிடைக்கிற அளவுக்குத்தான் செடியால் அதைப் பயன்படுத்த முடியும். மீன்களின் மூச்சிலிருந்தும் அடியில் மக்கும் கழிவிலிருந்தும் வருவது கொஞ்சம். விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் அது குறைந்துவிடும், செடியும் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு எரிகிற ஒவ்வொரு மணியும் பாசிக்கு வைக்கிற பந்தி. நான் முதல் தொட்டியைத் தெற்கு ஜன்னலோரம் வைத்து, ‘சூரிய ஒளி இலவசம்’ என்று பெருமைப்பட்டவன். இரண்டே மாதத்தில் உள்ளே மீன் இருப்பதே தெரியாத அளவுக்குக் கண்ணாடி பச்சையாகிவிட்டது.

ஒரு டைமர் பிளக் வாங்கி 6 மணி நேரம் வையுங்கள். நான் மாலை 4 முதல் 10 வரை வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து பார்க்கத்தானே தொட்டி! பழைய டூத் பிரஷ்ஷைப் பாசிக்குள் விட்டு முறுக்குங்கள், இடியாப்பம் போலச் சுருண்டு வரும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். உரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கூடவே நாலைந்து கொத்து ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா நடுங்கள். இரண்டும் விலை குறைந்த செடிகள், கடைக்காரர் அலட்சியமாகத்தான் எடுத்துத் தருவார். ஆனால், உப்புத் தட்டும் நம் போர் தண்ணீருக்கு இவைதான் பொருத்தம். அந்த நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. வேகமாக வளர்ந்து, பாசிக்குப் போகிற சத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

ஆறு வாரம் பாருங்கள். அதன் பிறகும் சிவப்புச் செடியும் புல்தரையும் வேண்டுமென்று மனம் கேட்டால் சிலிண்டர் வாங்கலாம். அப்படி வாங்கினால், விளக்கு அணையும்போது வாயுவும் நிற்க வேண்டும். இரவில் செடிகளும் கரியமில வாயுவைத்தான் விடும். சிலிண்டரும் திறந்தே இருந்தால், விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் பத்தே நாளில் கண்ணாடி போலாகிக் கூழாகிவிட்டது. பிடுங்கி எறியட்டுமா?
– வாசகி, வேலூர்

வேண்டாம்! பண்ணைகளில் பெரும்பாலும் இந்தச் செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றுக்குப் பழகிய இலை தண்ணீருக்குள் தாங்காது. அழுகிய இலைகளை மட்டும் அடியோடு கிள்ளிவிடுங்கள். கிழங்கை லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் சுருட்டிய வெற்றிலை போல ஒரு குருத்து வரும். ‘வேர் பிடித்ததா’ என்று தினமும் அசைத்துப் பார்க்காமல் இருந்தால்!

நடுவில் பெரிய கல், இரு பக்கமும் சமமாகச் செடி வைத்தேன். பார்த்தால் கல்யாண மேடை போல இருக்கிறது. எப்படி மாற்றுவது? ஆற்றில் பொறுக்கிய கற்களைப் போடலாமா?
– வாசகர், திருச்சி

மேடை என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். கல்லை நடுவிலிருந்து நகர்த்துங்கள். 60 செ.மீ. நீளத் தொட்டியில் ஒரு ஓரத்திலிருந்து 23 செ.மீ. அளவில் இருக்கட்டும். நேராக நிறுத்தாமல் கொஞ்சம் சாய்த்து, கால்வாசியை மணலில் புதையுங்கள். பக்கத்தில் சின்னக் கற்கள் இரண்டு, அதே சாய்வில். மணல் முன்னால் 3 செ.மீ., பின்னால் 8 செ.மீ. இருந்தால் சின்னத் தொட்டிக்கும் ஆழம் வந்துவிடும். இந்தக் கலையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோ சைக்கிள் பந்தய வீரராக இருந்து, பிறகு இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்தவர். லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் 2015-இல் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம். அதன் படங்களில் எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள், செடிகளை அப்புறம் பார்க்கலாம்.

ஆற்றுக்கல் போடலாம், சோதித்துவிட்டு. கழுவிக் காயவைத்த கல்லில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். காதருகே வைத்தால் ‘சுர்ர்’ என்று கேட்கிறதா, பொடிப்பொடியாய் நுரைக்கிறதா? அப்படியானால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். சிப்பியும் பளிங்குத் துண்டும் இதே ரகம். என் மகள் கடற்கரையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ஒரு டப்பா சிப்பியைத் தொட்டியில் போட்டுப் பட்டவன் சொல்கிறேன். அந்தச் சிப்பிகள் இப்போது துளசி மாடத்தைச் சுற்றி இருக்கின்றன.