ஃப்ரீசர்ல போட்டா காட்டுப்பன்னிக் கறியில இருக்கற புழு செத்துடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருக்கோம், அம்மா வீடு மலேசியாவுல கூலாய்ல. தம்பி லைசென்ஸ் எடுத்து சினேகிதங்களோட செம்பனைத் தோட்டத்துல காட்டுப்பன்னி சுடப் போவான். கறிய பங்கு போட்டு அம்மா வீட்டு பெரிய ஃப்ரீசர்ல வெச்சுடுவாங்க, நாங்க போறப்ப சமைப்பாங்க. போன வாரம் ராத்திரி பூரா அங்க கரண்ட் இல்ல. ஃப்ரீசர்ல வெச்சா கிருமி, புழு எல்லாம் செத்துடும்னு தம்பி சொல்றான், நிஜமா? எத்தன மாசம் வெக்கலாம்? கொஞ்சம் ஐஸ் பெட்டியில போட்டு இங்க கொண்டு வந்துடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார். மகள் 5 மாச கர்ப்பம், பேரனுக்கு 4 வயசு.

பதில்: வணக்கம்மா. கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன், கொண்டு வராதீங்க. வேட்டையாடுன காட்டுப்பன்னிக் கறிய காஸ்வே தாண்டி எடுத்துட்டு வர்றது ஒரு கிலோவா இருந்தாலும் சட்டப்படி தப்பு. சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரிச்ச இடத்துலேர்ந்து வர்ற இறைச்சிதான் உள்ள வரலாம். இது சும்மா கெடுபிடிக்காகப் போட்ட சட்டம் இல்லம்மா. 1999 மார்ச் மாசம் நீப்பா வைரஸ் வந்தப்ப நம்ம ஊர்ல பன்னி வெட்டற இடத்துல வேலை செஞ்ச 11 பேருக்கு அது தொத்தி ஒருத்தர் இறந்தே போனார், மலேசியாவுல நூறு பேருக்கு மேல போனாங்க. அது கறி சாப்பிட்டு வரல, உயிரோட இருந்த பன்னிகிட்டேர்ந்து வந்தது, ஆனா எங்கயோ ஒரு பண்ணையில கிளம்புன நோய் எவ்வளவு சீக்கிரம் இங்க வந்து நிக்கும்னு அன்னிக்கு எல்லாரும் பாத்தோம். 2023 பிப்ரவரியில நம்ம விலங்கியல் தோட்டத்துல செத்துக் கிடந்த காட்டுப்பன்னிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருந்துச்சு, ரெண்டு மாசம் கழிச்சு இந்தோனீசியாவோட புலாவ் புலான்லேர்ந்து வந்த பன்னிகளுக்கும் அதே நோய் இருந்ததால அங்கேர்ந்து இறக்குமதியையே நிறுத்துனாங்க. அந்தக் காய்ச்சல் மனுஷங்களுக்கு வராது. ஆனா அந்த வைரஸ் ஃப்ரீசர்ல வெச்ச கறியிலயும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், நீங்க கழுவி ஊத்துற தண்ணி, குப்பையில போடற எலும்புத்துண்டுன்னு எது வழியா வேணும்னாலும் வெளிய போகும். அதனால கறி கூலாய்லயே இருக்கட்டும், அங்க போறப்ப சாப்பிடுங்க.

இப்ப தம்பி சொன்னதுக்கு வர்றேன், ஏன்னா இத நிறைய பேர் நம்பறாங்க, படிச்சவங்களும் நம்பறாங்க. ஃப்ரீசர் கிருமியக் கொல்றதில்ல, வளர விடாம நிறுத்தி வைக்குது, அவ்வளவுதான். நீங்க எந்த நிலையில உள்ள போட்டீங்களோ கிட்டத்தட்ட அதே நிலையில வெளிய வரும், ஐஸ் விட்டதும் பாக்டீரியா மறுபடி வேலைய ஆரம்பிச்சுடும். வைரஸ் இதவிட மோசம். ஜப்பான்ல 2003ல வெளியான ஒரு விஷயம் இருக்கு, மான் கறிய பச்சையா சாப்பிட்ட நாலு பேருக்கு 6, 7 வாரம் கழிச்சு ஹெப்படைடிஸ் ஈ மஞ்சள் காமாலை வந்துச்சு, அவங்க அப்புறம் சாப்பிடலாம்னு ஃப்ரீசர்ல எடுத்து வெச்சிருந்த மிச்சக் கறிய டெஸ்ட் பண்ணப்ப அதுல அதே வைரஸ் இருந்துச்சு. இந்த வைரஸ் காட்டுப்பன்னியிலயும் உண்டு, முக்கியமா ஈரல்ல.

புழு விஷயத்துல தம்பி பாதி சரி. டிரைக்கினெல்லான்னு ஒரு புழு, தசைக்குள்ள சுருண்டு உக்காந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பண்ணைப் பன்னியா இருந்தா, 15 சென்டிமீட்டருக்குக் கம்மியான தடிமன்ல வெட்டி மைனஸ் 15 டிகிரியில 20 நாள் வெச்சா அது செத்துடும்னு அமெரிக்காவுல வழிகாட்டுதலே இருக்கு. தம்பி கேள்விப்பட்டது அதுவாத்தான் இருக்கும். ஆனா காட்டு மிருகங்கள்ட்ட இருக்கறது அதே ரகமா இருக்கணும்னு இல்ல, குளிரத் தாங்கற ரகமும் இருக்கு, அதனாலதான் வேட்டைக் கறிக்கு ஃப்ரீசர நம்பாதீங்கன்னு சொல்றோம். தாய்லாந்துல 2006ல காட்டுப்பன்னிக் கறிய சரியா வேகாம சாப்பிட்டவங்களுக்கு இந்த நோய் வந்தது பதிவாகியிருக்கு, அதனால இது எங்கயோ பனி பெய்யற ஊர்க் கதைன்னு நினைக்க வேண்டாம்.

கொல்றது அடுப்புதான். கறியோட நடுப்பகுதி 71 டிகிரிக்குப் போகணும். அம்மா கை குழம்பு மாதிரி ரெண்டு மணி நேரம் கொதிச்சதுக்கோ குக்கர்ல ஆறேழு விசில் விட்டதுக்கோ பயப்படவே வேண்டாம். நான் பயப்படறது சாயந்தரம் ஆம்பளைங்க வாசல்ல கரி அடுப்பு மூட்டி, வெளிய கருகி உள்ள செவப்பா இருக்கறப்பவே எடுத்து வாயில போடறாங்க பாருங்க, அதுக்குத்தான். மைக்ரோவேவ்ல சூடு பண்றதயும் நம்பாதீங்க, சூடு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போகாது. உப்புக்கண்டம் போட்டாலும் புகையில காய வெச்சாலும் அந்தப் புழு சாகும்னு உறுதி கிடையாது. மஞ்சளும் உப்பும் போட்டு ஊற வெச்சா கிருமி போயிடும்ங்கறதும் அப்படித்தான், வாடை போகும், கிருமி போகாது.

ஃப்ரீசருக்குள்ள போறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தம்பிகிட்ட கேளுங்க, என்னைக் கேட்டா மொத்த விஷயத்துலயும் முக்கியமானது அதுதான். நம்ம பக்கத்து வெயில்ல, 31, 32 டிகிரியில, சில பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும். சுட்டவுடனே குடல எடுக்காம, வண்டி பின்னாடி போட்டு, ஆள் ஆளுக்கு போட்டோ எடுத்து, விடியக்காலையில வந்து வெட்டி உள்ள வெச்சா, கெட்டுப்போக ஆரம்பிச்ச கறியத்தான் பத்திரப்படுத்தறீங்க. சுட்ட இடத்துலயே குடல எடுத்து ஐஸ் போட்டுடணும். வெட்டறப்ப கையில கிளவுஸ் போடச் சொல்லுங்க, விரல்ல சின்னக் கீறல் இருந்தாலே புருசெல்லா மாதிரி கிருமி உள்ள போக வழி இருக்கு. நாய்க்குப் பச்சையாப் போடறதும் வேண்டாம்.

எங்க பாட்டி வீட்ல ஒரு பழக்கம் இருந்துச்சு, உங்க அம்மா வீட்லயும் இருக்கலாம். கறிய நியூஸ்பேப்பர்ல சுத்தி, செவப்பு பிளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டு மூணு கிலோவ ஒரே உருண்டையா உள்ள தள்ளிடுவாங்க. அது உள்வரைக்கும் உறையவே ஒரு நாளுக்கு மேல ஆகும், அதுவரைக்கும் நடுவுல சூடு மெதுவாத்தான் குறையும். அப்புறம் சமைக்கற அன்னிக்குக் கல்லு மாதிரி இருக்கும், கத்தி இறங்காது, உலக்கையால ஒரு இடி, குழாய்த் தண்ணியில கொஞ்ச நேரம் காட்டி, வேணுங்கறத வெட்டிட்டு பாதி இளகுன மிச்சத்த பேப்பர் ஒட்டுனபடியே மறுபடி உள்ள வெப்பாங்க. இப்படி நாலு தடவ வெளிய வந்து உள்ள போன கறி அது. நாங்களும் சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகலன்னு சொல்லலாம்தான், ஆனா அடிக்கடி வயித்தால போனப்ப எல்லாம் வெயில் சூடுன்னு சொல்லி மோர் குடுத்தாங்க, கறிமேல யாருக்கும் சந்தேகமே வரல.

அதுக்குப் பதிலா ஒரு வேளைக்கு வேணுங்கற மாதிரி அரைக் கிலோ, அரைக் கிலோவா எடுத்து, கெட்டியான ஜிப் பையில போட்டு, கையால காத்த அமுக்கி வெளியேத்தி, புத்தகம் மாதிரி தட்டையாப் பரப்பி, தேதி எழுதி வைங்க. ஃப்ரீசர் மைனஸ் 18ல இருக்கணும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ள போடுங்க, பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரே நாள்ல மொத்தப் பன்னியையும் உள்ள திணிச்சா பழைய கறியும் சேர்ந்து இளகும், 200 லிட்டர் ஃப்ரீசர்னா ஒரு நாளைக்கு 7 கிலோ போதும். தொடை, தோள்பட்டைத் துண்டெல்லாம் 6 மாசத்துக்குள்ள, கொத்துக்கறின்னா 3 மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க, கொழுப்பு ஜாஸ்தின்னா அதுக்கு முன்னாடியே சிக்கு வாடை அடிக்கும். வெள்ளையாக் காஞ்ச திட்டு இருந்தா அது குளிர்ல காஞ்சது, ருசி போயிருக்கும், விஷம் இல்ல. இளக வெக்கறது முந்தின நாளே ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல, ரத்தம் வழியாம ஒரு பாத்திரத்துல, சிங்க்ல இல்ல.

கரண்ட் போனதப் பத்தி: மூடியத் திறக்காம இருந்தா, நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். ஒரு ராத்திரிங்கறது பெரிய விஷயம் இல்ல, யாரும் திறந்து திறந்து பாக்காம இருந்திருந்தா. அன்னிக்குக் காலையில கறி கெட்டியா, உள்ள ஐஸ் துகளோட இருந்துச்சான்னு அம்மாவக் கேளுங்க. மெத்துன்னு இளகி, ரத்தத் தண்ணி அடியில கோத்து மறுபடி உறைஞ்ச மாதிரி இருந்தா தூக்கிப் போட்டுடுங்க, மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, வாடை வராத கிருமியும் இருக்கு. இனிமேலுக்கு ஒரு சின்ன கப்புல தண்ணிய உறைய வெச்சு அது மேல ஒரு காசு வெச்சுடுங்க. ஒரு நாள் பாக்கறப்ப காசு அடியில போயிருந்தா, நீங்க இல்லாத நேரத்துல எல்லாம் இளகி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இது வரைக்கும் சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம். யாருக்காவது சாப்பிட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல வயித்துவலி, பேதி வந்து, அப்புறம் ரெண்டு வாரத்துலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், உடம்பு பூரா தசைவலி, கண்ணச் சுத்தி வீக்கம்னு வந்தா உடனே டாக்டரப் பாருங்க, காட்டுப்பன்னி சாப்பிட்டேன்னு வாய் திறந்து சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா எங்களுக்கு டெங்கியோ ஃப்ளுவோன்னுதான் முதல்ல தோணும்.

மகளுக்கும் பேரனுக்கும் மட்டும் என் பதில் வேற. இவ்வளவு ஜாக்கிரதையா வெச்சு சமைச்சாலும் அவங்களுக்கு இந்தக் கறி வேண்டாம். டாக்சோபிளாஸ்மா மாதிரி ஒட்டுண்ணி வயித்துல இருக்கற குழந்தையத் தாக்கும், அது நல்லா வேக வெச்சா செத்துடும்தான், ஆனா ஈயம் சாகாது. தோட்டா ஈயமா இருந்தா அது கறிக்குள்ள தூள் தூளா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதறும். அமெரிக்காவுல நார்த் டகோட்டாவுல 2008ல ஏழைங்களுக்குத் தானமா வந்த மான் கொத்துக்கறியில ஈயத் துணுக்கு இருந்ததால அதத் தூக்கிப் போடச் சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க மூளைக்கும் கருவுல இருக்கற குழந்தைக்கும் ஈயம் கொஞ்சமா போனாலும் கெடுதல்தான். மத்தவங்களுக்கு சமைக்கறப்பவும் குண்டு பட்ட இடத்தச் சுத்தி தாராளமா வெட்டி எறியச் சொல்லுங்க, கறி வீணாப் போகுதேன்னு பாக்க வேண்டாம். அடுத்த தடவ போறப்ப அம்மாகிட்ட முன்னாடியே போன் பண்ணி, மகளுக்கும் பேரனுக்கும் தனியா நாட்டுக்கோழி வெக்கச் சொல்லிடுங்க. காட்டுப்பன்னி வெட்டுன கத்தியும் பலகையும் அந்தக் கோழிக்கு வேண்டாம்.