சைப்1ஏ உயர்ந்தால் நீர் நஞ்சா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீன் கருக்களைக் கொண்டு நீரின் நச்சுத்தன்மையைச் சோதிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாங்கள் ஒரு கழிவுநீர் மாதிரியை நீர்க்காமல் அப்படியே எடுத்து, வரிக்குதிரை மீன் கருக்களை 96 மணி நேரம் அதில் வைத்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் மரபணுவின் செயல்பாட்டை அளக்கும் பி.சி.ஆர். சோதனையில் சைப்1ஏ மரபணு 32 மடங்கு ஏறியிருக்கிறது. மாறாதது என்று நம்பி அளவுகோலாக எடுத்த ஒப்பீட்டு மரபணு பீட்டா ஆக்டின். இதை நச்சுநீர் என்று அறிக்கையில் எழுதலாமா?

கே.

அன்புள்ள கே.,

இப்போதைக்கு எழுதாதீர்கள். பென்சோபைரீன், டையாக்சின் போல, செல்லில் உள்ள ஏ.எச். ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டும் ஏதோ ஒன்று கருவுக்குள் புகுந்திருக்கிறது என்பதைத்தான் சைப்1ஏ சொல்கிறது. அந்த மரபணுவின் நொதி அத்தகைய பொருட்களைச் சிதைப்பதற்காக இருப்பது. பென்சோபைரீன் வகையைச் சேர்ந்த சில பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் அந்த நொதியைத் தடுத்தால் கருவின் நிலை இன்னும் மோசமாகிறது. ஆகவே அதன் ஏற்றத்தைப் பாதிப்பின் அளவாகக் கொள்ள முடியாது.

அதேபோல, சாகாததால் கேடில்லை என்றும் ஆகாது. மீன் கருச் சோதனைக்கான சர்வதேச நெறிமுறையான ஓ.இ.சி.டி. 236 சாவாகக் கணக்கிடுவது நான்கைத்தான்: முட்டை உறைதல், உடற்கண்டங்கள் உருவாகாமை, வால் மஞ்சள்கருவிலிருந்து பிரியாமை, இதயத் துடிப்பின்மை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்த கருவும் அந்தப் பட்டியலில் உயிருள்ள கருதான். நுண்ணோக்கியில் அதையும் தாடைக் குறுகலையும் தனியே குறித்தீர்களா?

அடுத்து அந்த 32. பி.சி.ஆரில் ஐந்து சுழற்சி வித்தியாசம் அது. ஒவ்வொரு சுழற்சியும் இரட்டிப்பு. உங்கள் ஆக்டினின் சி.டி. மதிப்பை, அதாவது சமிக்ஞை தென்படும் சுழற்சி எண்ணை, இரு குழுக்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம அளவு ஆர்.என்.ஏ. எடுத்தும் கழிவுநீர்க் குழுவில் 1.5 சுழற்சி தாமதமாக வந்திருந்தால், உண்மையான ஏற்றம் 3.5 சுழற்சியாக, அதாவது சுமார் 11 மடங்காக இருக்கலாம். மீதி, ஆக்டின் இறங்கியதால் வந்த பொய்யான ஏற்றம். இதைப் பிரித்தறிய ஆர்.பி.எல்.13ஏ, இ.எஃப்.1ஆல்ஃபா என்ற வேறு இரு ஒப்பீட்டு மரபணுக்களையும் ஓட்டுங்கள். மூன்றும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஆர்.என்.ஏ. குறைவாகப் போயிருக்கிறது, அல்லது மாதிரியில் ஏதோ வினையைத் தடுக்கிறது. கணக்கு பெரும்பாலும் அதைச் சரிக்கட்டிவிடும். ஆக்டின் மட்டும் தள்ளியிருந்தால் அது ஒப்பீட்டுக்கு உதவாது.

ஆக்டின் ஏன் நகர்கிறது? பல சமயம் வளர்ச்சித் தாமதம்தான். நச்சு கருவை ஆறு மணி நேரம் பின்தங்க வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது நச்சுக்கு முன்னும் பின்னும் அல்ல, இளைய கருவையும் மூத்த கருவையும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் 'மாறியதாக' வரும் பட்டியல்களில் இந்தப் பிழை நிறைய ஒளிந்திருக்கிறது, வருத்தமான விஷயம். தலைக்கும் உடலுக்கும் உள்ள கோணம், நிறமி இவற்றைப் பார்த்து நிலை ஒத்த கருக்களையே எடுங்கள். 24, 48 மணியிலும் மாதிரி எடுங்கள். கரு சிதைத்துவிடக்கூடிய பொருளானால் சைப்1ஏ ஏறி இறங்கிவிடும்.

நீர்க்காத ஒற்றை மாதிரி போதாது. 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம் என நீர்த்து வையுங்கள். உச்சச் செறிவில் நலிந்த கருவில் சைப்1ஏ குறைந்தும் போகலாம், அதைப் பார்த்து நீர் தூய்மை என்று ஏமாறக்கூடாது. ஆர்.என்.ஏ. எடுக்கும் குழாய்க்கு 20 முதல் 30 கரு, குறைந்தது மூன்று வெவ்வேறு முட்டையிடல்களிலிருந்து. ஒரே குழாயை பி.சி.ஆர். தட்டின் மூன்று குழிகளில் ஓட்டுவது மும்முறைச் சோதனை ஆகாது. கட்டுப்பாட்டுக் குழுவில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சுற்றையே விட்டுவிடுங்கள்.

கருக்களை வைப்பது பிளாஸ்டிக் தட்டானால், முந்தைய நாளே அதே நீரை ஊற்றி 24 மணி நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக நிரப்புங்கள். நீங்கள் தேடும் பொருட்கள் எண்ணெய்த் தன்மை உள்ளவை. கருவுக்குப் போகும் முன் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.