பூங்காவில் பியரும் உணவு ட்ரக்கும்: அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பெயர்?

கேள்வி: வணக்கம் அக்கா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் நான். ஒவ்வொரு யூலையிலும் பூங்காவில் ஒன்றுகூடல் வைக்கிறோம், முந்நூறு பேர் வரை வருவார்கள். ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம் கட்டக் காசு சேர்க்க வேண்டும் என்று இம்முறை ஒரு பியர் கூடாரமும், கொத்து ரொட்டிக்கும் ஐஸ்கிரீமுக்கும் இரண்டு உணவு ட்ரக்கும் வைக்க நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. "இப்ப பூங்காவில குடிக்கலாம் எண்டு சட்டம் வந்திட்டுது" என்கிறார் தலைவர். பியருக்கு விலை போடாமல் நன்கொடைப் பெட்டி வைத்தால் போதும் என்கிறார் பொருளாளர். பூங்கா அனுமதியை வழக்கம்போல என் பெயரில் எடுக்கச் சொல்கிறார்கள். ஏதும் நடந்தால் நானா பொறுப்பு?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பத்திரம் உங்கள் பெயரில் இருந்து, சங்கமும் பதிவு செய்யப்படாததாக இருந்தால், ஆம், வழக்கு முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஆனால் இதை ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது, பயப்படாமல் வாசியுங்கள்.

தலைவர் சொல்வதில் பாதி உண்மை. ரொறன்ரோ மாநகரசபை 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் 27 பூங்காக்களில் மது அருந்துவதைச் சோதனை முயற்சியாக அனுமதித்தது, அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கி இன்னும் சில பூங்காக்களையும் சேர்த்தது. அந்த அனுமதி யாருக்கு என்று பாருங்கள். 19 வயது நிரம்பிய ஒருவர், பட்டியலில் உள்ள ஒரு பூங்காவில், தான் கொண்டுவந்ததைத் தானே குடிப்பதற்கு. கூடாரம் அடித்து, மேசை போட்டு, ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்து எடுத்து முந்நூறு பேருக்குக் கொடுப்பது வேறு விஷயம். அதற்கு 2021 நவம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ள ஒன்ராறியோவின் மதுபானச் சட்டத்தின்கீழ் விசேட நிகழ்வு அனுமதி எடுக்க வேண்டும், இலவசமாகக் கொடுத்தாலும்தான். அதைத் தருவது மாநகரசபை அல்ல, மாகாணத்தின் மதுபான, சூதாட்ட ஆணையம். ஆனால் நிலம் மாநகரசபையுடையது, அதற்கென்று தனி மதுக் கொள்கையும் இருக்கிறது. ஆகவே முதலில் பூங்காப் பிரிவின் சம்மதம், அப்புறம் ஆணையத்தின் அனுமதி. இந்த வரிசையை மாற்றிப் போட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நன்கொடைப் பெட்டி விஷயத்தில் பொருளாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அது எடுபடாது. பியருக்காகக் காசு வாங்கினால் அது விற்பனை. பெட்டியில் போட்டாலும், வாசலில் கூப்பன் கொடுத்தாலும், "குடும்பத்துக்கு 40 டொலர், சாப்பாடும் குடிபானமும் அடக்கம்" என்று நுழைவுச்சீட்டு அடித்தாலும் அதேதான். விற்பனைக்கான அனுமதி வேறு, இலவசமாகப் பரிமாறும் அனுமதி வேறு. இலவச அனுமதியை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பெட்டியை வைப்பது, அனுமதி இல்லாமல் விற்றதற்குச் சமம்.

இன்னொன்று, உங்கள் துண்டுப்பிரசுரம். அழைக்கப்பட்ட விருந்தினருக்கு மட்டுமான தனிப்பட்ட நிகழ்வு, பொது நிகழ்வு என்று ஆணையம் இரண்டு வகை வைத்திருக்கிறது. தனிப்பட்ட நிகழ்வைப் பொதுவில் விளம்பரம் செய்யக் கூடாது, மது விற்று இலாபம் பார்க்கவும் கூடாது. நம்முடைய ஒன்றுகூடல் அறிவித்தல்களில் கடைசி வரி என்ன? "அனைவரும் வருக." மரக்கறிக் கடைக் கண்ணாடியில் அதை ஒட்டி, முகநூலிலும் போட்டு, வானொலியிலும் சொல்லிவிட்டால் உங்கள் நிகழ்வு பொது நிகழ்வாகிவிடும். நீங்கள் காசு சேர்க்கவும் போகிறீர்கள், ஆகவே எடுக்க வேண்டியது பொது நிகழ்வுக்கான விற்பனை அனுமதிதான். நல்ல செய்தி என்னவென்றால், கல்வி அல்லது சமூக நோக்கத்துக்காக இயங்கும் இலாப நோக்கற்ற சங்கங்கள் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் நோக்கம் அதற்குள் நன்றாகவே அடங்கும். ஆனால் "நாங்கள் சங்கம்" என்று வாயால் சொன்னால் போதாது, காட்டுவதற்குப் பத்திரம் வேண்டும்.

திறந்தவெளி நிகழ்வு என்பதால் மாநகரசபைக் கிளாக், பொலிஸ், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நாலு பகுதிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூடாரம் அடித்தால் கட்டடப் பகுதிக்கும். ஐயாயிரம் பேருக்குக் குறைவான கூட்டத்துக்கு 30 நாள் முன்பாக. யூலைக் கடைசியில் நிகழ்வு என்றால் யூன் நடுப்பகுதிக்குள் எல்லாக் கடிதமும் போயிருக்கட்டும். நகரசபை பெரும்பாலும் காப்புறுதிப் பத்திரம், ஸ்மாட் சேர்வ் என்ற மது பரிமாறும் பயிற்சி எடுத்தவர்கள், வேலி போட்டுப் பிரித்த இடம் எல்லாம் கேட்கும். சில வேளை கட்டணம் கட்டி பொலிஸாரை நிறுத்தவும் சொல்லும்.

இனிப் பொறுப்பு. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வீட்டுப் பார்ட்டியில் குடித்துவிட்டுப் போய் இடித்தால் வீட்டுக்காரர் பொறுப்பில்லை" என்று நம்மவர்கள் எங்கோ கேள்விப்பட்டு வைத்திருக்கிறார்கள். அது கனடா உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பில் இருந்து வந்தது. ஒட்டாவாப் பக்கம் ஒரு புதுவருட இரவு விருந்து. வந்தவர்கள் தங்கள் மதுவைத் தாங்களே கொண்டுவந்தார்கள், வீட்டுக்காரர் கொடுத்தது நடுச்சாமத்தில் ஆளுக்குக் கொஞ்சம் ஷம்பெய்ன் மட்டும். விருந்தாளி ஒருவர் வெறியில் கார் ஓட்டி எதிரே வந்த வாகனத்தில் மோதினார். ஒருவர் இறந்தார், ஒரு பதின்ம வயதுப் பெண் நடக்க முடியாமல் போனார். வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் எழுதினார். ஆனால் அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: மது விற்பவர் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று கவனிக்கக்கூடிய இடத்தில் இருக்கிறார், சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது, விற்பதில் அவருக்கு வருமானம் இருக்கிறது, வீட்டுக்காரருக்கு இவை எதுவும் இல்லை. நீங்கள் பியர் கூடாரம் போட்டால் இதில் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அனுமதி எடுத்து, காசு வாங்கி, கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறீர்கள். வீட்டுக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

மது விற்பவர் பக்கத்துச் சட்டம் அதைவிடப் பழையது. 1970களின் தொடக்கத்தில் ஜோர்டன் ஹவுஸ் என்ற ஹோட்டலின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. நன்றாகக் குடித்த வாடிக்கையாளரைக் குளிர்கால இரவில் வெளியே தள்ளிவிட்டார்கள், அவர் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கும்போது கார் அடித்தது. ஹோட்டலுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்று தீர்ந்தது. ஒன்ராறியோவில் ஒரு பங்கு பொறுப்பு என்று வந்துவிட்டால், மற்றவரிடம் காசு இல்லாதபோது முழு நட்டஈட்டையும் உங்களிடமே கேட்க முடியும். நூற்றுக்கு ஒரு வீதப் பொறுப்பு என்றாலும் அப்படித்தான். அதனால்தான் காப்புறுதியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து இருந்தார். ஒரு விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர். நாலாக மடித்த அனுமதிப்பத்திரப் பிரதி கையில், மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது, கீழே அவருடைய கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. "கழகத்துக்காகத்தானே போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கழகம் எங்கும் பதியப்படவில்லை. கூட நின்று பியர் ஊற்றியவர்கள் தாங்கள் உதவிக்கு வந்தவர்கள் என்று ஒதுங்கிவிட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஆனால் அந்த இரண்டு வருடமும் அந்த மனிதர் வீட்டை இழந்துவிடுவேனோ என்று தூங்கவில்லை. நீங்கள் அந்தக் கதிரையில் வந்து இருப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே சங்கத்தை ஒன்ராறியோவின் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டத்தின்கீழ் பதியுங்கள். 2021 ஒக்டோபரில் இருந்து அந்தப் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது, இணையத்திலேயே செய்யலாம். பிறகு பூங்கா அனுமதி, மது அனுமதி, காப்புறுதி மூன்றும் சங்கத்தின் பெயரில் எடுங்கள். காப்புறுதி வாங்கும்போது "மது பரிமாறுவது அடங்குமா" என்று வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். சாதாரண நிகழ்வுக் காப்புறுதிகளில் பல மதுவால் வரும் பொறுப்பை வெளியே விட்டிருக்கும், அது கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் இருக்கும். மாநகரசபையையும் காப்புறுதி பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள், தொகை பெரும்பாலும் 2 மில்லியன் டொலருக்குக் குறையாது.

வாகனத் தரிப்பிடத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் சாக்கோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கார் டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் கோப்பையில் கோலாவுக்குள் ஊற்றி நாலுபேர் நிற்பது எல்லா ஒன்றுகூடலிலும் நடக்கிறது, எல்லோரும் காணாத மாதிரிப் போகிறோம். திறந்த போத்தல் கைக்கெட்டும் இடத்தில் வாகனத்துக்குள் இருப்பதே தனிக் குற்றம். 2018 டிசம்பருக்குப் பிறகு, சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும் சந்தேகம் இல்லாமலே மூச்சுச் சோதனைக்கு ஊதச் சொல்லப் பொலிஸுக்கு அதிகாரம் உண்டு. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஓட்டும்போது இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது. அனுமதி எடுத்த கூடாரம் ஒரு மூலையில் இருந்தாலும், டிக்கிக் குடிக்குக் கண்ணை மூடினால் "ஏற்பாட்டாளருக்குத் தெரியும், தடுக்கவில்லை" என்று உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், தரிப்பிடத்தில் இரண்டு பேரை நிறுத்துங்கள்.

உணவு ட்ரக் இதைவிட இலகு, ஆனால் சும்மா கூப்பிட்டு நிறுத்துகிற விஷயமும் இல்லை. பூங்காவுக்குள் விற்கப் பூங்காப் பிரிவின் சம்மதம் வேண்டும், ட்ரக்குக்கு நகரசபை உரிமம் வேண்டும், ஏற்பாட்டாளரும் விற்பவரும் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நேரே போய்ப் பாருங்கள். யன்னல் பக்கத்தில் சுகாதாரப் பரிசோதனையின் பச்சை அட்டை ஒட்டியிருக்கிறதா? மஞ்சள் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் மூடியது. பிறகு பின்பக்கம் குனிந்து வாயு சிலிண்டரைப் பாருங்கள், கழுத்தில் ஒரு திகதி பொறித்திருக்கும். கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதை மறுபரிசோதனை செய்ய வேண்டும். 2014 யூலை 1ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு உணவு ட்ரக்கின் சிலிண்டர் வெடித்து, அதில் வேலை செய்த தாயும் மகளும் இறந்தார்கள். மறுபரிசோதனைக் காலம் கடந்த சிலிண்டர் அது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடம் இது, கேட்க வெட்கப்படாதீர்கள்.

ட்ரக்காரரோடு ஒரு பக்கமாவது எழுத்தில் ஒப்பந்தம் வையுங்கள். அவர் காப்புறுதியில் சங்கத்தின் பெயரும் வர வேண்டும். விற்பனையில் வீதம் கேட்பதைவிட நிலையான ஒரு தொகையை இடவாடகையாக வாங்குங்கள், வீதம் வாங்கினால் கூட்டு வியாபாரம் என்று வாதாட இடம் கொடுக்கும். அம்மாமார் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆட்டுக்கறியும் இருக்கிறது. உறுப்பினருக்கும் நேரில் அழைத்தவர்களுக்கும் பரிமாறும் சமூக அமைப்புகள் சிலவற்றுக்கு விதியில் சலுகை உண்டு, "அனைவரும் வருக" என்று போட்டால் அந்தச் சலுகையும் கையைவிட்டுப் போகும். எப்படியும் சூடானது 60 பாகைக்கு மேலே, குளிரானது 4 பாகைக்குக் கீழே இருக்கட்டும். யூலை வெயிலில் மேசையில் மூன்று மணித்தியாலம் இருந்த கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

என்னுடைய எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ட்ரக்கை மட்டும் வையுங்கள். முந்நூறு பேரில் பாதி பெண்களும் பிள்ளைகளும், மிச்சப் பேரிலும் கார் ஓட்டுபவர்கள் குடிக்கக் கூடாது. வேலிக்கும் காப்புறுதிக்கும் பொலிஸுக்கும் கட்டிய பிறகு ஆய்வுகூடத்துக்கு என்ன மிஞ்சும் என்று பொருளாளரை ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்குள் சங்கம் பதிவாகியிருக்கும், அப்போது வேண்டுமானால் பியரைப் பற்றிப் பேசலாம். நிர்வாகம் இந்த வருடமே என்று பிடிவாதமாக நின்றால், கையெழுத்துப் போட முதல் விண்ணப்பத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எனக்கு அனுப்புங்கள். பெயர் எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்புங்கள்.