சைக்கிளில் கெமர் காட்டுக் கோயில்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: கம்போடியாவின் அங்கோரைச் சைக்கிளில் சுற்றியாயிற்று. கூட்டம் தாங்கவில்லை. பழைய ராஜபாட்டையைப் பிடித்து பெங் மீலியா, பிரியா கான் என்று பழைய கெமர் அரசர்களின் கோயில்களைத் தேடிக் காட்டுக்குள் போகலாம் என்கிறார்களே, எத்தனை நாள் ஆகும்?

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அங்கோருக்குள்ளேயே ஒரு பிரியா கான் இருக்கிறது. நீங்கள் கேட்பது அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியுள்ள கம்போங் ஸ்வாய் பிரியா கான். கிராமத்தில் பாகான் என்றால்தான் புரியும். வெறுமனே பிரியா கான் என்று வழி கேட்டால் அங்கோருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான்கு நாள் வையுங்கள். முதல் நாள் அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகரிலிருந்து பெங் மீலியா. தேசிய நெடுஞ்சாலை 6-இல் தாம் டெக் வரை போய் வடக்கே திரும்பினால் முழுக்கத் தார்ச்சாலை, சுமார் 70 கி.மீ. ஆனால் லாரி நெரிசல். பந்தியாய் சாம்ரே கோயில் பக்கமாகக் கிழக்கே போகும் கிராமச் சாலை தூரமும் குறைவு, நிழலும் உண்டு. வழியில் பிரியா டாக் கிராமத்தில் பனைவெல்லம் காய்ச்சி ஓலைக் கொட்டானில் விற்பார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல சைக்கிள் தீனி கிடையாது.

இரண்டாம் நாள்தான் சோதனை. பெங் மீலியாவிலிருந்து பிரியா கான் ஏறத்தாழ 60 கி.மீ. பாதி வழிக்குச் சற்று முன்பு க்வாவ் ஊரருகே ஸ்பியான் தா ஓங் பாலம் வரும். கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் காலத்துச் செம்புறாங்கல் பாலம், 77 மீட்டர் நீளம், இரு கைப்பிடியிலும் நாகம். இன்றும் அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. அதற்கு அப்பால் பாதை எப்படி என்பது அந்த வருட மழையையும் மரலாரிகளையும் பொறுத்தது. மணலில் மணிக்கு 7 கி.மீ. போனாலே பெரிது. அதனால் கிலோமீட்டரை எண்ணாமல், மணல் எத்தனை தூரம் என்று எண்ணுங்கள். க்வாவில் டீ குடிக்கும்போது எதிர்த்திசையிலிருந்து வரும் மோட்டார் சைக்கிள்காரரின் டயரைப் பாருங்கள். சேறு ஒட்டியிருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் முழுக்கப் பிரியா கானுக்கு. அதன் வெளிச்சுற்று ஒரு பக்கம் 5 கி.மீ.க்குச் சற்றே குறைவு. கெமர் கோயில் வளாகங்களில் இதைவிடப் பெரியது இல்லை. நடுக்கோயிலை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் கிழக்கேயுள்ள ஏரிக்கரையில் நிற்கும் யானைக் கோயில் பிரசாத் தாம்ரேயையும், நான்கு முகக் கோபுரம் கொண்ட பிரசாத் ஸ்தோங்கையும் விட்டுவிடுகிறார்கள். சைக்கிள் இருப்பவருக்கு அது மன்னிக்க முடியாத சோம்பல். இரவுக்குப் பக்கத்து தா செங் கிராமத்தில் வீட்டுத் திண்ணையோ ஊஞ்சல் படுக்கையோ கேட்டால் கிடைக்கும், கொசுவலை உங்களுடையதாக இருக்கட்டும். நான்காம் நாள் தெற்கே ஸ்தோங் ஊருக்கு இறங்கி நெடுஞ்சாலை 6-ஐப் பிடித்துவிடலாம்.

மாதம்? நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மார்ச்சிலிருந்து வெயில் அடித்துப் போட்டுவிடும். மே முதல் அக்டோபர் வரை செம்மண் சேறாகிவிடும். டிசம்பரில் ஐந்தரை மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடுகிறது. காலை 6 மணிக்குக் கிளம்பி, மூன்றரைக்குள் ஊர் சேரும்படி திட்டமிடுங்கள்.

கேள்வி: கண்ணிவெடி பயம் இன்னும் உண்டா? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

பதில்: உண்டு. ஆனால் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெங் மீலியா, கோ கேர் போன்ற பெரிய கோயில்களில் மக்கள் நடமாடும் இடங்கள் சோதித்துச் சுத்தம் செய்யப்பட்டவை. ஆபத்து அவற்றைச் சுற்றியுள்ள காட்டிலும், 1980-களில் தாய்லாந்து எல்லை நெடுகப் புதைக்கப்பட்ட கே-5 என்ற கண்ணிவெடிப் பட்டையிலும்தான். சிவப்புப் பலகையில் மண்டை ஓடு வரைந்திருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். பலகை இல்லாத இடம் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகைகள் விழுந்துவிடுகின்றன, விறகுக்கும் போய்விடுகின்றன.

விதி ஒன்றே ஒன்று: வண்டித்தடமோ மனிதத்தடமோ தெளிவாக உள்ள மண்ணில் மட்டும் சக்கரமும் காலும் படலாம். மணலில் திணறும்போது தடத்தின் ஓரம், புல் வேர் பிடித்து இறுகி ஓட்டுவதற்குச் சுகமாகத் தெரியும். அந்த ஆசைதான் ஆபத்து. இறங்கி, பள்ளத்திலேயே தள்ளிக்கொண்டு போங்கள். மதிய நிழலுக்கு மரத்தடிக்குப் போவதும், சிறுநீர் கழிக்க ஒதுங்குவதும் இதில் அடக்கம். வெட்கத்தை விட்டுவிட்டுப் பாதையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் உள்ளே நுழைந்துவிட்டதாகத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்குக் குரல் கொடுங்கள். உங்கள் சொந்தக் காலடித்தடம் ஐயமின்றித் தெரிந்தால் மட்டுமே அதன்மேல் மிதித்துத் திரும்பலாம்.

கிராமத்தில் கேட்க வேண்டிய வாக்கியம்: 'மியன் மீன் தே?' கண்ணிவெடி இருக்கிறதா என்று பொருள். கெமர் மொழியில் மீன் என்றால் கண்ணிவெடி. தமிழ்க் காதுக்கு இது மறக்காது.

கேள்வி: எந்தச் சைக்கிள்? வாடகைக்கு எடுத்தால் போதுமா? என்னென்ன உதிரி கொண்டுபோக வேண்டும்?

பதில்: சியெம் ரீப்பில் கூடை வைத்த ஒற்றைக் கியர் வண்டி மலிவாகக் கிடைக்கும். அது அங்கோர் சுற்றுக்குப் போதும், காட்டுக்கு ஆகாது. மலைச் சைக்கிள் வாடகைக்கு உண்டு. எடுக்கும்போது டயர் 2.1 அங்குலமாவது இருக்கிறதா, சக்கரத்தைச் சுழற்றினால் ஆடுகிறதா, மிகச் சிறிய கியர் விழுகிறதா என்று பாருங்கள். அங்கோர் தாம் கோட்டை மதிலின் உட்புற மண்மேட்டுப் பாதையில் ஒரு சுற்று வந்தால் வண்டியின் குணம் தெரிந்துவிடும். நான்கு பக்கமும் சேர்த்து 12 கி.மீ., மூலைக்கு ஒரு சிறு கோயில் வேறு.

காற்றழுத்தம்தான் மணலில் பாதி வேலையைச் செய்கிறது. 70 கிலோ ஆள், 10 கிலோ சுமை, 2.2 அங்குல டயர் என்றால் செம்மண் சாலைக்கு 30 பிஎஸ்ஐ வையுங்கள். மணல் வந்ததும் டியூப் இல்லாத டயரில் 18 வரை இறக்கலாம். டியூப் உள்ளதில் 22-க்குக் கீழே வேண்டாம். இறக்கினால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு ஓட்டை ஒன்றாக விழும். மணலில் சிறிய கியரில் வேகமாகக் காலைச் சுழற்றுங்கள், எடையைப் பின்னால் வையுங்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். முன்சக்கரத்தில் பை மாட்டினால் அது உழுதுகொண்டே போகும். விடியற்காலையில் பனி ஈரம் உள்ளவரை மணல் இறுகி இருக்கும். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

செம்மண் தூசு எண்ணெயோடு சேர்ந்தால் உப்புக்காகிதம் மாதிரி செயினைத் தின்னும். மெழுகு வகை மசகு போடுங்கள், தினமும் மாலையில் துணியால் துடையுங்கள். மழை பெய்தால் மட்கார்டைக் கழற்றிவிடுங்கள். சேறு அதற்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது.

உதிரிகள்: டியூப் 2, ஒட்டுத்துண்டு 10, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயர்த்துண்டு, செயின் இணைப்பு 2, ஸ்போக்ஸ் கம்பி 4, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பின்கியர் தாங்கும் கொக்கித் தகடு ஒன்று. இந்தத் தகடு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு அளவு. விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான், நாட்டில் எங்கு தேடினாலும் கிடைக்காததும் அதுதான். காற்று, வெல்டிங், பொதுவான டியூப் எல்லாம் ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் கிடைக்கும். அவருடைய காற்றுக்குழாய் கார் வகை வால்வுக்குத்தான் பொருந்தும். உங்களுடையது மெல்லிய வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று சாவிக்கொத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் சைவம். காட்டுப் பக்கம் பட்டினியா?

பதில்: பட்டினி இல்லை, அலுப்புதான். 'ஒட் யோக் சாச்' என்றால் இறைச்சி வேண்டாம். ஆனால் மீனை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழம்பில் ப்ரஹோக் என்ற புளித்த மீன் விழுது கரைந்திருக்கும். முட்டை சாப்பிடுபவர் 'பாய், பொங் மோன்' என்று சோறும் முட்டையும் கேட்கலாம். சுத்த சைவத்துக்குச் சாலையோரம் விற்கும் க்ரலான்: மூங்கில் குழாயில் பசையரிசி, தேங்காய்ப்பால், பயறு சேர்த்துச் சுட்டது. காலையில் இரண்டு வாங்கினால் மாலைவரை கெடாது. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், அதில் 3 லிட்டர் புறப்படும்போதே வண்டியில். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆறேழு.

கேள்வி: சிலைகளையெல்லாம் திருடிக்கொண்டு போய்விட்டார்களாமே, கோ கேரில் பார்க்க என்ன மிச்சம்?

பதில்: பிரசாத் தாம் மிச்சம். பெயரின் பொருளே பெரிய கோயில்தான். ஏழு அடுக்குப் பிரமிடு, 36 மீட்டர் உயரம், நான்காம் ஜெயவர்மன் 928 முதல் 941 வரை ஆண்ட தலைநகரின் அடையாளம். ஏறுவதற்கு மரப்படி போட்டிருக்கிறார்கள். பழைய கற்படியில் ஏற வேண்டாம். பிரசாத் சென் என்ற சிறிய கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் சிற்பக்கூட்டம் இருந்தது. கணுக்காலோடு அறுத்தெடுத்து வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். பீடத்தில் எஞ்சிய பாதங்களே பின்னாளில் சாட்சியாயின. இருவரும் 2014-இல் நாடு திரும்பிவிட்டார்கள். அவர்கள் இருக்கும் புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கோ கேருக்குப் போங்கள். வரிசை மாறினால் பாதி ரசம் போய்விடும்.

இடிந்த கோயிலில் திசை புரியாவிட்டால்: பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை. பிரசாத் தாம் அதற்கு மாறு அல்ல, பிரமிடு கோயிலுக்கு மேற்கே, பின்னால் நிற்கிறது. ராஜபாட்டையோரம் தென்சுவரில் மட்டும் ஜன்னல் வரிசை உள்ள நீளக் கட்டடம் கண்டால் அது தர்மசாலை. வழிப்போக்கர் தங்க ஒருநாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாகக் கட்டியது. சுண்ணாம்பு இல்லாமல் கல்லை ஒன்றன்மேல் ஒன்று நீட்டி அடுக்கிய கூரைகள் இவை. வேர் பிடித்திருக்கும் கல்லின் கீழ் நின்று படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: தாய்லாந்து எல்லைப் பக்கத்துக் கோயில்களான பிரியா விகார், பந்தியாய் ச்மார் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 2025-இல் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் நடந்த சண்டை அந்தப் பகுதியைத் தொட்டது. உங்கள் அரசின் பயண அறிவுரை பச்சைக்கொடி காட்டும்வரை தெற்கே திரும்புங்கள். கம்போங் தாம் நகருக்கு வடக்கே சம்போர் பிரெய் குக் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு ஈசானபுரம், எண்கோணச் செங்கல் கோயில்கள், 2017 முதல் உலக மரபுச் சின்னம். மரத்தடிப் பாதைகள் சைக்கிளுக்கென்றே போட்டது போல இருக்கும்.

கேள்வி: சீட்டு, பணம்?

பதில்: அங்கோர் அனுமதிச் சீட்டு 1 நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62, 7 நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் பிரித்துப் பயன்படுத்தலாம். பெங் மீலியா அதிலேயே அடக்கம். கோ கேருக்குத் தனிச் சீட்டு. கிராமத்தில் 20 டாலர் நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது. ஒரு டாலர் ஏறத்தாழ 4,000 ரியால், சின்ன ரியால் நோட்டாக மாற்றி வையுங்கள். ஓரம் கிழிந்த டாலரை யாரும் தொடமாட்டார்கள்.