வாதாங்கொட்டையை விரல் நசுங்காமல், பருப்பு நொறுங்காமல் உடைப்பது எப்படி?

வாசலில் நிற்கும் வாதாமரத்தின் கொட்டைகளைச் சுத்தியலால் உடைத்தால் பருப்பு தூளாகிறது, விரலிலும் அடி விழுகிறது, முழுப் பருப்பாக எடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பள்ளிக்கூட வாசல்களிலும் தெருமுனைகளிலும் இந்த மரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால், என் வீட்டில் நான் பின்பற்றும் முறையையே எழுதுகிறேன்.

முதலில் கொட்டையின் அமைப்பைப் பாருங்கள். வெளியே நார், அதற்குள் கல் போன்ற ஓடு, அதன் நடுவில் மெல்லிய பருப்பு. அந்தப் பருப்பும் ஒரே கட்டியாக இருப்பதில்லை. இரண்டு விதையிலைகள் சுருட்டிய பாயைப் போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால், சிறிய அதிர்ச்சியிலும் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது ஓடு உடைந்த பிறகும் அடியின் வேகம் தீர்வதில்லை. மிச்ச வேகம் முழுவதும் பருப்பின்மேல் இறங்குகிறது. ஆகவே ஓடு விட்டுக்கொடுத்த அந்தக் கணத்தில் நின்றுவிடக்கூடிய விசைதான் நமக்கு வேண்டும். அப்படிப்பட்ட விசை விரலுக்கும் பாதுகாப்பானது.

அதற்கு முன்னால் கொட்டை நன்றாகக் காய வேண்டும். பச்சைக் கொட்டையில் ஈரநார் அடியை வாங்கிக்கொள்ளும், பருப்பும் ஓட்டோடு ஒட்டியே இருக்கும். வௌவால் சப்பிப் போட்டவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் சதையை நீக்கிக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. காயக் காயப் பருப்பு சுருங்கி, ஓட்டுக்கும் அதற்கும் இடையே சிறு இடைவெளி உண்டாகும். ஆஸ்திரேலியாவில் மெக்கடேமியாக் கொட்டைகளை உடைப்பதற்கு முன் காயவைப்பதும் இந்த இடைவெளிக்காகத்தான். ஆனால் மிகையாகக் காய்ந்த பருப்பு முறுகி நொறுங்கும். அமெரிக்காவில் கறுப்பு வால்நட்டை உடைக்கிறவர்கள், காய்ந்த கொட்டைகளைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, ஓர் இரவு மூடிவைத்து, மறுநாள் உடைப்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் கொட்டையும் பருப்பு பொடிகிற அளவுக்குக் காய்ந்திருந்தால் இதைச் செய்து பார்க்கலாம்.

உடைப்பதற்கு நான் வைத்திருப்பது பட்டறை வைஸ், அதாவது கைப்பிடியைத் திருகினால் இரண்டு இரும்பு வாய்கள் நெருங்கிப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி. கொட்டையின் இரண்டு பக்கமும் புடைத்து ஓடும் விளிம்புகள் வைஸின் வாய்களில் படும்படி நிறுத்தி, கைப்பிடியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருக வேண்டும். ‘டக்’ என்ற ஒலி கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக அரைச் சுற்று திருகினாலும் பருப்பு போயிற்று. பிறகு கொட்டையைச் சற்றே திருப்பிவைத்து இன்னொரு முறை இறுக்கினால் ஓடு நீளவாக்கில் பிளந்து, பருப்பு பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும். கொட்டை நழுவாமல் இருக்கவும் சில்லு தெறிக்காமல் இருக்கவும் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு வளையத்தை அதன்மேல் மாட்டிவிடுகிறேன்.

வைஸ் இல்லாதவர்கள் ஒரு புளியங்கட்டையில் கொட்டையின் விளிம்பு பாதி புதையும் அளவுக்கு உளியால் பள்ளம் வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பள்ளத்தில் கொட்டையை விளிம்பின்மேல் நிறுத்தி, கையால் பிடிக்காமல் அடுப்பங்கரை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, கனமான சுத்தியலைத் தாழ்வான உயரத்திலிருந்து மெல்லப் போட வேண்டும். இலகுவான சுத்தியலை ஓங்கி அடிப்பதைவிடக் கனமானதைத் தாழ்வாகப் போடுவதே கைக்கு அடங்கும். எந்த முறையானாலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். கிரைண்டிங் வேலைக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியே போதும். பிள்ளைகள் கதவிடுக்கில் வைத்து நெரிப்பதை அனுமதிக்காதீர்கள், கீலும் கெடும், விரலும் போகும். பாக்குவெட்டியும் இதற்கு உதவாது. அதன் அலகு ஓட்டில் வழுக்கும், வழுக்காவிட்டால் பருப்பையும் சேர்த்து வெட்டும்.

சாரப்பருப்புக்கு இதே வழி செல்லாது, ஏனெனில் அந்தக் கொட்டை மிகச் சிறியது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளில் அதைச் சேகரிக்கிறவர்கள் ஓர் இரவு நீரில் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து நீக்கி, காயவைத்து, கற்களுக்கு இடையே உடைக்கிறார்கள். வீட்டில் உளுந்து உடைக்கும் திருகை இருந்தால் போதும். சல்லடையால் பெரியது, சிறியது என்று முதலில் பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் கல்லின் இடைவெளியைத் தனியாக வைத்துச் சுற்ற வேண்டும். எல்லாவற்றையும் கலந்து போட்டால் பெரியவை நொறுங்கும், சிறியவை உடையாமலே வெளியே வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. முந்திரிக் கொட்டையையும் சேராங்கொட்டையையும் இந்த முறைகளில் உடைக்கவே கூடாது. அவற்றின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைக் கொப்பளிக்க வைக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையை வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைக்கிறார்கள், அப்போதும் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். பச்சையாக வைஸில் வைத்து இறுக்கினால் ஓட்டின் எண்ணெய் முகத்தில்கூடத் தெறிக்கும்.